ஒரே கொல்லையில் கோழியும் நாயும் பூனையும்: வாசகர் கேள்வி – பதில்

புறக்கடைக் கோழி வளர்ப்பைப் பற்றி இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நாயையும் பூனையையும் பற்றியே இருந்தன. அவற்றில் வேலூர், இராணிப்பேட்டை மாவட்டங்களிலிருந்து, அதாவது பழைய வடஆற்காட்டுப் பகுதியிலிருந்து எழுதியவர்களின் கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறோம். அக்கம்பக்கத்துச் சண்டைகளும் சில கடிதங்களில் இருப்பதால் ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, எழுதியவர்களின் பெயர்களை விட்டிருக்கிறோம். பதில் அளிப்பவர் நம் கால்நடை மருத்துவர்.

கேள்வி: எங்கள் நாய்க்கு ஒன்றேகால் வயது. ராஜபாளையம் கலப்பு என்று சொல்லிக் கொடுத்தார்கள். குட்டியாக இருந்தபோது கோழிகளோடுதான் படுத்துத் தூங்கும். சென்ற மாதம் நாங்கள் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் ஐந்து வெடைக்கோழிகளைக் கடித்துப் போட்டுவிட்டது, ஒன்றைக்கூடத் தின்னவில்லை. செத்த கோழியை நாயின் கழுத்திலேயே கட்டித் தொங்கவிட்டால் திருந்தும் என்று என் மாமனார் கட்டிவிட்டார். நாற்றம் தாங்கவில்லை. நாயை வைத்துக்கொள்வதா, யாருக்காவது கொடுத்துவிடுவதா? (வாசகி, குடியாத்தம்)

பதில்: முதலில் அந்தக் கோழியை அவிழ்த்துப் புதைத்துவிடுங்கள், அம்மா. உங்கள் மாமனார் செய்தது ஊரெங்கும் காலங்காலமாகச் சொல்லப்படும் வழிதான். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு செயல் நடந்த சில வினாடிகளுக்குள் கிடைக்கும் பலனையோ தண்டனையையோதான் நாய் அந்தச் செயலோடு சேர்த்துப் புரிந்துகொள்கிறது. கழுத்தில் அழுகித் தொங்கும் கோழிக்கும், தான் அன்றைக்குத் துரத்திய கோழிக்கும் உள்ள தொடர்பு அதற்கு விளங்குவதில்லை. நம்மூர் வெயிலில் விரைவிலேயே புழு வைத்துவிடும் அந்த இறைச்சியால் கழுத்தில் புண் வரலாம். அதைக் கடித்துத் தின்றால் வயிற்றுப்போக்கும் வரலாம். அடித்துத் திருத்தலாம் என்றாலும் இதே கதைதான். அடிபட்ட நாய் கோழியை விடுவதில்லை, நீங்கள் பார்க்கும்போது கோழியைத் தொடுவதை மட்டுமே விடுகிறது.

குட்டியில் கோழிகளோடு படுத்துத் தூங்கியது என்பதை நம்பித்தான் பலரும் ஏமாறுகிறார்கள். சிறு குட்டிக்குத் துரத்தும் வேகமும் இல்லை, கவ்வும் வலுவும் இல்லை. சேவல் ஒரு கொத்துக் கொத்தினால் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிடும். ஆறு மாதத்துக்கு மேல் இரண்டு வயதுக்குள் உள்ள பருவத்தில்தான் வேட்டைக் குணம் முழுதாக விழிக்கிறது. ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை போன்றவை வேட்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டவை. அவற்றின் இரத்தம் கலந்த ஒரு நாய், பதறிச் சிறகடித்து ஓடும் கோழியைப் பார்த்துச் சும்மா இருந்தால்தான் அதிசயம். கடித்ததைத் தின்னாமல் விட்டதற்கும் இதுவே காரணம். ஒரு கோழியின் ஓட்டம் நின்றதும் நாய்க்கு அதன் மீதிருந்த ஆர்வம் போய்விடுகிறது. அதற்குள் அடுத்தது ஓடுகிறது, அதைத் துரத்துகிறது. வயிறு நிறையச் சோறு போட்டால் சரியாகிவிடும் என்பது இதற்குப் பொருந்தாது. கருத்தடை செய்தால் ஊர் சுற்றுவது குறையுமே தவிர வேட்டைக் குணம் குறையாது.

ஆகவே நாயைப் பழக்குவதை இரண்டாவது வேலையாக வைத்துக்கொண்டு, அதுவும் கோழிகளும் ஆளில்லாத நேரத்தில் சந்திக்கவே முடியாதபடி முதலில் ஏற்பாடு செய்யுங்கள். பகலில் கோழிகள் மேயும்போது நாய் கட்டில் இருக்கட்டும். பொழுது சாய்ந்து கோழிகள் அடைந்து, கூட்டுக்குத் தாழ்ப்பாள் போட்ட பிறகு நாயை அவிழ்த்துவிடுங்கள். இரவெல்லாம் அது காவல் இருக்கட்டும். காலையில் நாயைக் கட்டிய பிறகே கூட்டைத் திறக்க வேண்டும். இது வீட்டில் ஒரே ஒருவருடைய பொறுப்பாக இருப்பது நல்லது. 'நீ கட்டியிருப்பாய் என்று நினைத்தேன்' என்று ஒருவரை ஒருவர் சொல்லிக்கொள்ளும் நாளில்தான் கோழிகள் சாகின்றன. கட்டும் இடம் நிழலாகவும், சங்கிலி எட்டும் வட்டத்துக்குள் கோழி வராததாகவும் இருக்க வேண்டும். எட்டியும் எட்டாமலும் கோழி நடமாடிக்கொண்டிருந்தால், அதைப் பார்த்துப் பார்த்தே நாய்க்கு வெறி ஏறும். பகலெல்லாம் கட்டிக் கிடக்கும் நாயைக் காலையிலும் மாலையிலும் அரை மணி நேரமாவது நடத்திக்கொண்டு போய் வாருங்கள்.

இடம் இருந்தால் கோழிகளுக்குத் தனி அடைப்பு போடுவதே நிரந்தரமான வழி. கடையில் 'கோழி வலை' என்று கொடுக்கும் மெல்லிய அறுகோணக் கம்பி வலை கோழியை உள்ளே வைத்திருக்கத்தான் உதவும். பெரிய நாய் அதைப் பல்லால் கிழித்துவிடும். பற்றவைத்த கம்பி வலை, அதாவது வெல்டட் மெஷ் வாங்கி, நம் பக்கத்தில் எளிதாகக் கிடைக்கும் கல்கால்களில் ஐந்தடி உயரத்துக்குக் குறையாமல் கட்டுங்கள். நாய் தோண்டி நுழையும் என்பதால் வலையின் அடிப்பகுதியை ஒன்றரை அடி ஆழத்துக்குப் புதைக்க வேண்டும்; பாறை நிலமாக இருந்து தோண்ட முடியாவிட்டால், இரண்டடி அகலத்துக்கு வெளிப்புறமாகத் தரையில் விரித்து மேலே கற்களை அடுக்கினாலும் போதும்.

இனிப் பழக்கும் முறை. கோழிகள் அடைப்புக்குள் இருக்க, நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு முப்பதடி தொலைவில் நில்லுங்கள். செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தையில் கன்றுக்கு வாங்கும் கயிறே இதற்குப் போதும். நாயின் முகத்தைப் பாருங்கள். திறந்திருந்த வாய் திடீரென்று மூடிக்கொள்ளும். காது முன்னே வரும். ஆடிக்கொண்டிருந்த வால் அசையாமல் நின்றுவிடும். முன்னங்கால் ஒன்று தரையிலிருந்து சற்றே தூக்கி நிற்கும். இந்த நிலைக்கு வந்துவிட்டால் நீங்கள் கூப்பிடுவது அதன் காதில் விழாது. நீங்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். பத்தடி பின்னால் வாருங்கள். அங்கிருந்து கோழியைப் பார்த்துவிட்டுத் தானாக உங்கள் பக்கம் திரும்பும் நொடியில் அதற்குப் பிடித்ததை வாயில் கொடுங்கள். உப்புப் போடாமல் வேகவைத்த வேர்க்கடலை நான்கைந்து போதும், கோழிக்கறி மட்டும் வேண்டாம். நாளைக்குப் பத்து நிமிடம் இப்படிப் பழக்கி, வாரக்கணக்கில் சிறிது சிறிதாகத் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

சோற்றுத் தட்டையும் கவனியுங்கள். வேட்டைக் குணமே இல்லாத சாதுவான நாய்கூடத் தன் தட்டில் வந்து கொத்தும் கோழியைக் கடித்துக் கொன்றுவிடும். நாய்க்குச் சோறு வைப்பது கோழிகள் அடைந்த பிறகுதான் என்று வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கலே இல்லை. கத்திரி வெயிலில் இரண்டும் ஒரே நிழலையும் ஒரே தண்ணீர்த் தொட்டியையும் தேடி வரும் என்பதால், தண்ணீரையும் தனித்தனி இடங்களில் வையுங்கள்.

கொடுத்துவிடுவதா என்று கேட்டீர்கள். ஒருமுறை இத்தனை கோழிகளைக் கொன்று பழகிய நாயை எவ்வளவு பழக்கினாலும் கோழிகளோடு தனியே விடலாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கட்டவும் அடைக்கவும் வசதி உள்ள வீட்டில் அதை வைத்துக்கொள்வதற்கு ஒரு தடையும் இல்லை. கொடுப்பதாக இருந்தால் கோழி இல்லாத வீடாகப் பார்த்து, நடந்ததைச் சொல்லிக் கொடுங்கள்.

கேள்வி: காட்டோரத்தில் வீடு. ஒரு மாதமாகக் கோழிகள் ஒவ்வொன்றாகப் போகின்றன. சில நாள் குஞ்சு, சில நாள் முட்டை, ஒரு நாள் இரண்டு பெட்டைகள். பக்கத்து வீட்டு நாய்தான் என்று நான் சொல்ல, உங்கள் வீட்டுப் பூனைதான் என்று அவர்கள் சொல்ல, பேச்சுவார்த்தையே நின்றுவிட்டது. எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், அணைக்கட்டு)

பதில்: ஜவ்வாது மலையடிவாரத்தில் இருந்துகொண்டு, நாயையும் பூனையையும் தவிர வேறு யாரையும் நீங்கள் சந்தேகிக்காதது எனக்கு வியப்பாக இருக்கிறது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் ஒன்றுக்கு மேற்பட்ட விலங்குகள் வந்து போகின்றன என்றே தோன்றுகிறது. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு அடையாளத்தை விட்டுத்தான் செல்லும்.

நாய் புகுந்த இடத்தில் அலங்கோலம் இருக்கும். பல கோழிகள் செத்துக் கிடக்கும். முதுகிலும் தொடையிலும் வால்பக்கத்திலும் கடிகள் இருக்கும். இறகு எங்கும் பறந்து கிடக்கும். உடல்களைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கும். வீட்டுப் பூனை வளர்ந்த கோழியிடம் எளிதில் நெருங்காது. குஞ்சைத்தான் ஒவ்வொன்றாகத் தூக்கிச் செல்லும், சத்தமும் இருக்காது, தடயமும் இருக்காது. காட்டுப்பூனை அப்படியல்ல; வளர்ந்த பெட்டையையே கழுத்தைக் கவ்விக் காட்டுக்குள் கொண்டுபோய்விடும், வேலியோரம் வரை இறகுகள் சிந்திக்கிடக்கும். மரநாய் இரவில் மரக்கிளை வழியாகவோ ஓட்டின் இடுக்கு வழியாகவோ இறங்கி, தலையையும் கழுத்தையும் தின்றுவிட்டு உடலை விட்டுப் போவதுண்டு. கீரி பகலில் வரும் விலங்கு. நண்பகலில் அடைக்கோழி கத்தினால் அதை நினைத்துக்கொள்ளுங்கள். முட்டையை உடைத்துக் குடித்த ஓடுகள் அருகிலேயே கிடக்கும். ஓடுகூட இல்லாமல் முட்டை மறைந்தால் பாம்பாக இருக்கலாம்; தலை மட்டும் ஈரமாக, எச்சில் பூசியதுபோல் ஒரு குஞ்சு செத்துக் கிடந்தால் விழுங்க முயன்று முடியாமல் விட்டுவிட்டது என்று அறியலாம். பெருச்சாளி குஞ்சை இழுத்துக்கொண்டு வளைக்குள் போய்விடும். சுவரோரத்தில் புதிதாக மண் தள்ளியிருக்கிறதா என்று பாருங்கள். பட்டப்பகலில் வெட்டவெளியில் குஞ்சு காணாமல் போனால் வானத்தைப் பாருங்கள். அது வல்லூறின் வேலையாக இருக்கலாம்.

சண்டையைத் தீர்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. மாலையில் கூட்டைச் சுற்றி நான்கடி அகலத்துக்குச் சலித்த சாம்பலையோ மெல்லிய மண்ணையோ தூவி, துடைப்பத்தால் சமமாக்கிவிடுங்கள். காலையில் யாரும் நடமாடுவதற்கு முன் போய்ப் பாருங்கள். நாயின் தடத்தில் நான்கு விரலும் நகக் குறியும் தெரியும். பூனையின் தடம் வட்டமாக, நான்கு விரலோடு, நகக் குறி இல்லாமல் இருக்கும். நடக்கும்போது அது நகத்தை உள்ளிழுத்துக்கொள்வதே காரணம். கீரிக்கும் மரநாய்க்கும் ஐந்து விரல்கள். இந்தத் தடத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரரிடம் போனால் பேச்சு மறுபடி தொடங்க வழி உண்டு. கீரியையோ காட்டுப்பூனையையோ பொறி வைத்துப் பிடிக்க நினைக்காதீர்கள். 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அவை பாதுகாக்கப்பட்டவை.

எந்த விலங்காக இருந்தாலும் செய்ய வேண்டிய வேலை ஏறக்குறைய ஒன்றுதான்: கூட்டைத் தரையிலிருந்து இரண்டரை அடி உயர்த்துவது, அரை அங்குலத்துக்கு மேல் கண் இல்லாத வலையால் இடுக்குகளை மூடுவது, கூரைக்கு மேல் தொங்கும் கிளைகளை வெட்டுவது, கொக்கியை விட்டுவிட்டுத் தாழ்ப்பாள் போடுவது. புளியமரத்தில் அடையும் கோழிகளை மாலையில் தீவனம் காட்டிக் கூட்டுக்குள் அடையப் பழக்குங்கள். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது. மரத்தில் இருக்கும் கோழி ஓடித் தப்ப முடியாது.

கேள்வி: மொட்டை மாடியில் பத்துச் சிறுவிடைக் கோழிகள் வைத்திருக்கிறேன். எலித் தொல்லைக்காக ஒரு பூனை வளர்க்க ஆசை. ஆனால் அடுத்த வாரம் குஞ்சு பொரிக்க இருக்கிறது. பூனையின் கழுத்தில் மணி கட்டினால் போதுமா? (வாசகி, காட்பாடி)

பதில்: மணி கட்டிவிடலாம், ஆனால் அதைக் கேட்டு என்ன செய்வது என்று குஞ்சுக்குத் தெரிய வேண்டுமே! தாய்க்கோழிக்கு வேண்டுமானால் அது ஒரு முன்னறிவிப்பாக உதவும். குஞ்சுகளுக்கு இரண்டு மாதம் ஆகும் வரை, பூனை எவ்வளவு பழகியதாக இருந்தாலும், அவற்றைக் கோழிக்கூடைக்குள்ளோ மேலேயும் மூடிய வலைக்கூண்டுக்குள்ளோதான் வைத்திருக்க வேண்டும். கூடையைக் கவிழ்த்து மேலே கல் வைக்க மறக்காதீர்கள்; பூனை கையை விட்டுக் கூடையைப் புரட்டும். வலையின் கண் பெரிதாக இருந்தால் வெளியிலிருந்தே கால் நீட்டி, ஓரத்தில் நிற்கும் குஞ்சின் தலையை இழுத்துவிடும் என்பதால் கீழ்ப் பகுதியில் ஓரடி உயரத்துக்குத் தகரமோ பலகையோ அடித்துவிடுங்கள்.

குஞ்சுப் பருவம் கடந்த பிறகு கவலை மிகவும் குறைவு. வளர்ந்த பெட்டையின் உருவமும், ஓடாமல் எதிர்த்து நிற்கும் குணமும் பெரும்பாலான பூனைகளைத் தள்ளியே நிறுத்திவிடும். குட்டிப் பூனையாக வாங்கினால், குஞ்சோடு இருக்கும் தாய்க்கோழி அதன் மீது பாய்ந்து கண்ணைக் கொத்திவிடாமல் நீங்கள்தான் பூனையைக் காப்பாற்ற வேண்டியிருக்கும்.

எலியைப் பற்றி ஒரு நிபந்தனை. பூனை வளர்ப்பதாக முடிவு செய்தால் வீட்டில் எலி மருந்து கூடாது; பூனையா மருந்தா, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். புரோமாடியோலோன் கட்டியைத் தின்று தள்ளாடும் எலியைப் பூனை எளிதாகப் பிடித்துத் தின்னும். அந்த மருந்து பூனையின் இரத்தத்தையும் உறையவிடாமல் செய்து, உள்ளேயே கசிய வைத்துவிடும். துத்தநாகப் பாஸ்பைடு கலந்த தானியத்தைக் கோழிகளே பொறுக்கித் தின்றுவிடும். தீவனத்தை மூடி போட்ட தகர டப்பாவில் வைத்து, சிந்தியதை இரவில் கூட்டிவிட்டாலே பாதி எலி வராது.

கேள்வி: எங்கள் நாய் கோழி எச்சத்தைத் தின்கிறது, கூட்டருகிலேயே படுக்கிறது. கோழியின் நோய் நாய்க்கு வருமா? கறிக்கடைக் கழிவை வாங்கிப் போடுவதும் உண்டு. (வாசகர், வாலாஜாபேட்டை)

பதில்: கோழியைக் கொல்லும் நோய்கள் பலவும் நாய்க்கு வருவதில்லை. கோழிக்கழிச்சல் என்றும் சொல்லப்படும் வெள்ளைக்கழிச்சல் நாயைத் தாக்காது. இரத்தக்கழிச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணியும், கோழியின் இறகில் திரியும் பேனும் நாயிடம் நிலைப்பதில்லை. ஆனால் வெள்ளைக்கழிச்சலில் செத்த கோழியை நாய் கவ்விக்கொண்டு தெருவெல்லாம் இழுத்துச் சென்றால், அடுத்த வீட்டுக் கொல்லைக்கு அந்த நோய் போய்ச் சேரும். இறந்தவற்றைச் சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதைப்பதும், பிப்ரவரி மாதத்தில் கால்நடை பராமரிப்புத் துறை ஊர் ஊராக நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமைத் தவறவிடாமல் இருப்பதும் உங்கள் கடமை.

எச்சத்தின் வழியே வரக்கூடியது சால்மோனெல்லா போன்ற கிருமிகள். நாய் நலமாகவே காணப்பட்டாலும் அதன் மலத்திலும் வாயிலும் கிருமி இருக்கக்கூடும். வீட்டில் சிறு குழந்தை இருந்தால் நாய் முகத்தை நக்க விடாதீர்கள். இன்னொன்று, கூட்டருகில் படுக்கும் நாயின் காதோரத்தையும் கண்ணிமையையும் விரலால் தடவிப் பாருங்கள். தட்டினால் விழாமல் தோலில் பதிந்து நிற்கும் சிறு கரும்புள்ளிகள் தென்பட்டால், அது கோழியின் கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் ஒட்டும் ஒருவகைத் தெள்ளு. கோழிக்கும் நாய்க்கும் பூனைக்கும் அது பொது. மூன்றுக்கும் சேர்த்து வைத்தியம் செய்யாவிட்டால் போகாது.

தீவன மூட்டையை நாய்க்கு எட்டாமல் வையுங்கள். கறிக்கோழித் தீவனத்தில் இரத்தக்கழிச்சலைத் தடுக்க மோனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகளைச் சேர்ப்பதுண்டு. நாய் அதை வயிறு நிறையத் தின்றால் பின்னங்கால் துவண்டு படுத்துவிடும்.

கறிக்கடைக் கழிவைப் பச்சையாகப் போடுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். பச்சைக் கோழியின் சுவையையும் வாடையையும் நாமே தினமும் காட்டிவிட்டு, கோழியைத் தொடாதே என்று நாயிடம் எதிர்பார்ப்பது நியாயமாகாது. பூனை வகைகளுக்கு இதில் உயிராபத்தே உண்டு. பறவைக் காய்ச்சலான எச்5என்1 கிருமி பூனை இனத்தைத் தாக்கக்கூடியது. 2024 டிசம்பரில் நாக்பூரில் உள்ள கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் இறந்தது இந்தக் கிருமியால்தான். கொடுப்பதாக இருந்தால் வேகவைத்து, எலும்பை நீக்கிக் கொடுங்கள். வெந்த எலும்பு ஊசியாக உடைந்து குடலைக் குத்தும்.

கேள்வி: மருமகள் மூன்று மாதக் கர்ப்பம். பூனையால் கரு கலையும் என்று சொல்லி, பூனையைப் பாலாற்றுப் பக்கம் விட்டுவிடச் சொல்கிறார்கள். கோழியும் இருக்கிறது. (வாசகி, ஆற்காடு)

பதில்: பூனையை விட வேண்டாம், பூனையின் மலத்திலிருந்து மருமகளைத் தள்ளி வைத்தால் போதும். டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியைப் பூனை பெரும்பாலும் தன் வாழ்நாளில் முதல்முறை தொற்று ஏற்படும்போது, ஒன்று முதல் மூன்று வாரங்கள் வரைதான் மலத்தில் வெளியேற்றும். வெளியேறியதும் உடனே அது தொற்றாது. குறைந்தது ஒரு நாள் ஆக வேண்டும். எனவே வீட்டில் வேறொருவர் தினமும் மலத்தை அள்ளிப் புதைத்தால் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். மருமகள் கொல்லை மண்ணைக் கிளறுவதையும் கோழிக் கூட்டைச் சுத்தம் செய்வதையும் பிரசவம் வரை தவிர்க்கட்டும். மண்ணில் மேயும் நாட்டுக்கோழியின் இறைச்சியிலும் இந்த ஒட்டுண்ணி இருக்கக்கூடும் என்பதால் கறி நன்றாக வேக வேண்டும். கீரையை நன்றாகக் கழுவ வேண்டும். பூனைக்குப் பச்சை இறைச்சி வேண்டாம். இரத்தப் பரிசோதனை தேவையா என்பதை அவரைப் பார்க்கும் மகப்பேறு மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கோழிக் கூட்டில் உண்ணி. மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைத் தண்ணீரில் கலந்து கூட்டுக்கும் நாய்க்கும் தெளித்தேன். பூனைக்கும் கொஞ்சம் தடவினேன். இரவே உதறல் எடுத்து, விடிவதற்குள் இறந்துவிட்டது. மருந்து போலியா? (வாசகர், பள்ளிகொண்டா)

பதில்: மருந்து போலியாக இருக்க வேண்டியதில்லை, அசலாக இருந்தாலும் பூனைக்கு அதுதான் நடக்கும். டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின், பெர்மெத்ரின் என்ற இந்த வகை மருந்துகளை மாடும் நாயும் உடலில் சிதைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. காது துடிப்பதில் தொடங்கி உடல் முழுவதும் உதறல் எடுக்கும். அந்த நேரத்தில் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவ சோப்பைப் போட்டு உடலைக் கழுவி, துவட்டி, உடனே மருத்துவரிடம் கொண்டுபோனால் பிழைக்க வாய்ப்பு உண்டு. பாலோ எண்ணெயோ புகட்டக் கூடாது. அதேபோல் மனிதருக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் மாத்திரையும் பூனைக்கு நஞ்சு.

கூட்டுக்கு மருந்து அடிக்கும் நாளில் கோழி, நாய், பூனை எல்லாவற்றையும் வெளியே வைத்து, முழுதாகக் காய்ந்த பிறகே உள்ளே விடுங்கள். கோழி உண்ணி பகலில் சுவர் விரிசலிலும் மரக்கட்டையின் பிளவிலும் ஒளிந்திருந்து இரவில் வந்து இரத்தம் குடிப்பது. உணவில்லாமல் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே கோழியின் மேல் மருந்து தெளிப்பதைக் காட்டிலும், விரிசல்களைச் சிமெண்டால் பூசி, சுண்ணாம்பு அடித்து, பழைய கட்டைகளை மாற்றுவதே பலன் தரும்.

கேள்வி: தெருநாய் ஒன்று கோழியைக் கவ்வி, நான் கத்தியதும் போட்டுவிட்டு ஓடியது. கோழி உயிரோடு இருக்கிறது. அறுத்துச் சமைக்கலாமா? (வாசகர், பேரணாம்பட்டு)

பதில்: வேண்டாம். வெறிநோய் பாலூட்டிகளின் நோய். கோழியிடமிருந்து அது வருவதில்லை, நன்றாக வெந்தால் கிருமியும் இறந்துவிடும். இருந்தாலும் யாருடையது என்று தெரியாத நாயின் எச்சில் படிந்த கோழியை, விரலில் கீறலோ வெட்டோ உள்ளவர் இறகு பறித்துக் கழுவும் அந்த நேரம்தான் கவலைக்குரியது. உங்கள் கையில் புண் இருந்து அதில் எச்சில் பட்டிருந்தால், சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அங்கே தோலுக்குள் போடும் தடுப்பூசியை 0, 3, 7, 28 ஆம் நாள்களில் இலவசமாகவே போடுவார்கள்.

கோழியைக் காப்பாற்ற முயலலாம். துணியால் சுற்றி, இருட்டான கூடையில், மற்றக் கோழிகள் கொத்தாத இடத்தில் வையுங்கள். அதிர்ச்சியில்தான் பாதிக் கோழிகள் இறக்கின்றன. சற்று அடங்கியதும் இறகை விலக்கிப் பாருங்கள். வெளியே ஊசி குத்தியது போன்ற ஒரு துளை மட்டும் தெரியும். உள்ளே சதை கிழிந்திருக்கும். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்புக் கரைத்து அதனால் கழுவுங்கள். குத்துத் துளையைத் தைக்கக் கூடாது. தோலுக்கடியில் காற்றுப் புகுந்து உப்பியிருந்தாலோ, குடித்த தண்ணீர் கழுத்துக் காயம் வழியே வந்தாலோ உடனே மருத்துவர் பார்க்க வேண்டும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ காயத்தைச் சுற்றித் தோல் பச்சையாக மாறினால் அழுகிவிட்டது என்று அஞ்சிவிடாதீர்கள். கன்றிப்போன இடம் கோழிக்குப் பச்சையாகத்தான் மாறும். துர்நாற்றம் இருந்தால்தான் அழுகல்.

பூனை கவ்விய கோழியாக இருந்தால் காயம் எவ்வளவு சிறிதானாலும் காத்திருக்காதீர்கள். பூனையின் வாயில் இருக்கும் பாஸ்சுரெல்லா கிருமி இரண்டொரு நாளில் கோழியைக் கொன்றுவிடும். அன்றே நோய்க்கிருமி எதிர்ப்பு மருந்து தேவை. 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம்.

கேள்வி: என் நாய் கோழியைக் கடித்தால் மருந்து வைத்துக் கொன்றுவிடுவேன் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். (வாசகர், கே.வி.குப்பம்)

பதில்: விலங்கை நஞ்சு வைத்துக் கொல்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 325 ஆம் பிரிவின் கீழ் ஐந்தாண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்பதை அவருக்கு நீங்கள் சொல்லலாம். ஆனால் அதைச் சொல்வதற்கு முன், கடித்த கோழிகளுக்குரிய விலையைக் கொடுத்துவிட்டீர்களா என்று கேட்க விரும்புகிறேன். முட்டையிடும் நாட்டுப் பெட்டை என்பது ஒரு வீட்டின் சிறு வருமானம். விலையைக் கொடுத்து, அவர் கண்ணெதிரே நாயைக் கட்டி வையுங்கள். நஞ்சு வைத்தால் அதை முதலில் பொறுக்கித் தின்னப்போவது அவருடைய கோழிகளாகவும் இருக்கலாம் என்பதையும் பேச்சோடு பேச்சாகச் சொல்லி வையுங்கள்.

கேள்வி: கோழிகளுக்குக் காவலாக எந்த நாயை வளர்க்கலாம்? (வாசகர், சோளிங்கர்)

பதில்: பெரிய பெயருள்ள இனம் எதுவும் வேண்டாம். கோழி திரியும் வீட்டில் பிறந்து, தாய் நாய் கோழிகளைச் சட்டை செய்யாமல் படுத்திருப்பதை நீங்கள் நேரில் பார்த்த வீட்டிலிருந்து, இரண்டு மாதமான ஒரு நாட்டு நாய்க்குட்டியை எடுத்து வாருங்கள். ஓடும் இலையைக்கூட விடாமல் துரத்தும் குட்டியை விட்டுவிட்டு, கூப்பிட்டால் உங்களிடம் வரும் குட்டியைத் தேர்ந்தெடுங்கள். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும் ஒன்று. இரண்டு வயது நிறையும்வரை, நீங்கள் அருகில் இல்லாத எந்த நேரத்திலும் அதைக் கட்டியே வையுங்கள்.